புற்றுநோய் நோயாளிக்கு நிமோனியா: ஒரு மணி நேர சளிப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோ வார்டிலும் லேப் ஜன்னலிலும் நாள் தவறாமல் வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் கேள்விகள் நோயாளிகளுக்கும் உடனிருப்பவர்களுக்கும் உரியவை. பிந்தியவற்றில் சில டியூட்டி டாக்டர்களும் லேப் ஊழியர்களும் கேட்டவை.

1. சளியில பிசிஆர் பேனல் போடணும்னு டாக்டர் சொல்றாரு. அது என்ன டெஸ்ட்?

சளியில் உள்ள கிருமியின் மரபணுவை நேரடியாகத் தேடும் பரிசோதனை. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பிசிஆர் முறைதான். அப்போது தேடியது ஒரே ஒரு வைரஸை. இங்கே ஒரே கார்ட்ரிட்ஜில் முப்பதுக்கு மேற்பட்டவற்றைத் தேடுகிறார்கள். பயோஃபயர் நிமோனியா பேனலை எடுத்துக்கொண்டால் 18 பாக்டீரியாக்கள், 8 வைரஸ்கள், கிருமியை மருந்துக்கு மடங்காமல் செய்யும் 7 மரபணுக்கள் என்று 33 இலக்குகள். கார்ட்ரிட்ஜை மெஷினில் பொருத்தியதும் சுமார் ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்துவிடும்.

யூனிவெரோ என்ற இன்னொரு பேனலும் உண்டு, அதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2018-ல்தான். அதனால் எல்லா ஊர் லேபிலும் இந்தப் பரிசோதனை இருக்காது.

2. கல்ச்சர் ஏற்கெனவே அனுப்பிட்டாங்க. அப்புறம் இது எதுக்கு?

கல்ச்சர் என்பது சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. அதில் கிருமி உயிரோடு வளர வேண்டும். வளர்ந்து, பெயர் தெரிந்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அதற்குள் நோயாளிக்கு ஆன்டிபயாடிக் பலமுறை ஏறியிருக்கும். சளி எடுக்கும் முன்பே ஒரு டோஸ் போட்டிருந்தால் கல்ச்சரில் ஒன்றுமே வளராமலும் போகலாம். பிசிஆருக்குக் கிருமி உயிரோடு இருக்கத் தேவையில்லை.

அதற்காகக் கல்ச்சரை விட்டுவிட முடியாது. காரணம் கேள்வி 10-ல்.

3. மத்தவங்களுக்கு நிமோனியான்னா ஒரு எக்ஸ்ரேயோட முடியுது. கேன்சர் பேஷண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

நுரையீரலில் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவந்து சண்டை போடுபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். சளி மஞ்சளாகக் கெட்டிப்படுவதும், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரிவதும் பெரும்பாலும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். கீமோ முடிந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே இறங்கியவருக்குச் சண்டை போட ஆளே இல்லை. அதனால் சளி வராது, எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். காய்ச்சல் மட்டும் இருக்கும். அதே நாளில் சிடி ஸ்கேன் எடுத்தால் நிமோனியா தெரியக்கூடும்.

இவர்களைத் தாக்கும் கிருமிகளின் பட்டியலும் பெரியது. அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்துபோவதால் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற, மருந்துக்கு எளிதில் மடங்காதவை சேர்ந்துகொள்கின்றன. மருந்தை மாற்ற மூன்று நாள் காத்திருக்கும் நிலையில் இவர்கள் இல்லை.

4. காய்ச்சல் 101 இருக்கு. ரிசல்ட் பாத்துட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா?

கூடாது. கீமோ எடுத்தவருக்கு ஒருமுறை 101 டிகிரி வந்தாலோ, 100.4 ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஆஸ்பத்திரியில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும். முதலில் ரத்தக் கல்ச்சர் எடுத்து, உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். சளி கிடைத்தால் அப்போதே எடுக்கலாம், கிடைக்காவிட்டால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பேனலால் முடிவாவது அடுத்த டோஸ் எது என்பதுதான். முதல் டோஸ் அதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது.

5. சளி எப்படிக் குடுக்கணும்? போன தடவை "எச்சில்தான் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

இந்தப் பரிசோதனையில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. எச்சிலை அனுப்பினால் மெஷின் அவற்றையும் உண்மையாகவே கண்டுபிடித்துச் சொல்லும். நுரையீரலில் இல்லாத கிருமிக்கு மருந்து போட வேண்டிவரும்.

காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். மவுத்வாஷ் வேண்டாம். அதிலுள்ள மருந்து கல்ச்சரைக் கெடுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்து, இரண்டு விநாடி நிறுத்தி, மெல்ல விட வேண்டும். இப்படி மூன்று முறை செய்துவிட்டு, நான்காவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இருமி, வருவதை நேராக டப்பாவில் துப்ப வேண்டும். தொண்டையைக் காறித் துப்புவது சளி ஆகாது. டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர்போல் ஓடி மேலே நுரை நின்றால் எச்சில். கெட்டியாக, இழுபட்டு, சுவரில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் சளி.

பேனலுக்குச் சில துளிகள் போதும். ஆனால் கல்ச்சர், கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்ப்பது), டிபி பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 முதல் 3 மில்லி இருந்தால் நிம்மதி. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒரு நாளுக்குள் கொடுக்கலாம். ஃபிரீசரில் வைக்க வேண்டாம்.

லேப் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்ராஸ்கோப்பில் வெள்ளணு 25-க்கு மேல் இருந்தால்தான் நல்ல சளி என்ற விதி, வெள்ளணுவே இல்லாத நோயாளிக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வாய்ச் செல்கள் 10-க்குக் குறைவா என்று மட்டும் பாருங்கள். வெள்ளணு இல்லையென்று அந்தச் சளியைத் தூக்கிப் போடாதீர்கள்.

6. அம்மாவுக்குச் சளியே வரல, வறட்டு இருமல்தான். என்ன பண்றது?

கேள்வி 3-ல் சொன்ன காரணத்தால் இது சகஜம். முதலில் நெபுலைசரில் 3 சதவீத உப்புக் கரைசல் கொடுத்து வரவழைத்துப் பார்ப்பார்கள். மூச்சுக்குழாய் இறுகாமலிருக்க அதற்கு முன் சால்பியூட்டமால் கொடுப்பார்கள். அதிலும் வரவில்லை, சிடியில் நிமோனியா இருக்கிறது என்றால், பிராங்கோஸ்கோப் என்ற கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, பாதித்த பகுதியில் சலைன் செலுத்தித் திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். வாயின் கலப்பு குறைவு என்பதால் அந்தத் திரவத்தில் வரும் ரிசல்ட்டுக்கு மதிப்பு அதிகம்.

7. பிளேட்லெட் 25,000தான் இருக்கு. பிராங்கோஸ்கோபி பண்ணினா ரத்தம் வராதா?

கழுவி எடுப்பது மட்டும் என்றால் 20,000-க்கு மேல் பெரும்பாலும் செய்கிறார்கள். சதைத் துண்டு எடுக்க 50,000-க்கு மேல் வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் பிளேட்லெட் ஏற்றிவிட்டுச் செய்வதும் உண்டு. ரத்தத்தைவிட நாங்கள் அதிகம் கவலைப்படுவது ஆக்சிஜனைப் பற்றித்தான். ஏற்கெனவே மூச்சு வாங்குபவருக்குக் கழுவிய பிறகு ஆக்சிஜன் இன்னும் இறங்கலாம், அரிதாக வென்டிலேட்டர் வரை போகலாம். அதனால்தான், செய்வதென்றால் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே செய்துவிடுவது நல்லது. நோயாளிக்குத் தெம்பு இருக்கும், கிருமியும் கிடைக்கும்.

செய்பவர்களுக்கு: மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் திரவத்தில் அதிகம் கலந்தால் கல்ச்சரில் கிருமி வளராது. ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் இந்த மாதிரியைப் போட்டால் கல்ச்சர், பேனல் இரண்டுமே வீண்.

8. ரிப்போர்ட்ல 10-க்கு மேல குட்டியா 7-னு போட்டிருக்கு. மோசமா?

ஒரு மில்லியில் அந்தக் கிருமியின் மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்ற தோராயக் கணக்கு அது. 4 என்றால் பத்தாயிரம், 5 என்றால் ஒரு லட்சம், 6 என்றால் பத்து லட்சம், 7 என்றால் ஒரு கோடி அல்லது அதற்கு மேல். ஒரு கோடி என்றால் அந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்ல வலு அதிகம். இருமித் துப்பிய சளியில் பத்தாயிரம் என்றால் வாயிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். நுரையீரலைக் கழுவிய திரவத்திலோ அதே பத்தாயிரத்தைப் பொருட்படுத்த வேண்டும், ஏனென்றால் அது சலைனில் கரைந்து நீர்த்துப்போன கணக்கு. நோய் எவ்வளவு கடுமை என்பதை இந்த எண் சொல்லாது.

கல்ச்சர் எண்ணிக்கையோடு இதை நேராக ஒப்பிட முடியாது. பிசிஆர் செத்த கிருமியையும் சேர்த்து எண்ணுவதால் பெரும்பாலும் ஒரு படி கூடவே காட்டும். மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா நிமோனியே, லெஜியோனெல்லா ஆகிய மூன்றுக்கும் எண் வராது. உண்டு, இல்லை என்று மட்டும் வரும்.

9. "என்டிஎம் டிடெக்டட்"னு வந்திருக்கு. மருந்தே இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. என்டிஎம், கீழே வரும் ஆக்சா-48, சிடிஎக்ஸ்-எம் மூன்றும் கேள்வி 1-ல் சொன்ன ஏழு மரபணுக்களைச் சேர்ந்தவை. என்டிஎம் இருந்தால் மெரோபெனெம் வகை மருந்துகளைக் கிருமி சிதைத்துவிடும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாகப் போட்டாலும் பயனில்லை. அதோடு அஸ்ட்ரியோனாம் சேர்த்தால் வேலை செய்யும். அதே ரிப்போர்ட்டில் ஆக்சா-48 மட்டும் வந்திருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டமே போதும். சிடிஎக்ஸ்-எம் மட்டும் என்றால் செஃப்ட்ரியாக்சோன் போகாது, மெரோபெனெம் போகும். நம் நாட்டில் என்டிஎம், ஆக்சா-48 இரண்டுமே பரவலாக இருப்பதால், இந்த ஒரு வரி தெரிந்தால் மருந்துத் தேர்வே மாறும். பேனலில் எங்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. ரிப்போர்ட்டை வரி வரியாகப் பாருங்கள்: கிளெப்சியெல்லா ஒரு கோடி, அசினெட்டோபாக்டர் ஒரு லட்சம், என்டிஎம் உண்டு. என்டிஎம் இந்த இரண்டில் யாருடையது? பேனலால் சொல்ல முடியாது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும் கிளெப்சியெல்லாவுடையது என்று வைத்து மருந்து தொடங்கி, கல்ச்சர் வந்ததும் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

10. எதிர்ப்பு மரபணு ஒண்ணும் இல்லைன்னு வந்தா எல்லா மருந்தும் கேக்குமா?

அப்படி எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். பேனல் தேடுவது ஏழு வகையை மட்டும். சூடோமோனாஸ் மருந்தை உள்ளே விடாமல் வாசலை அடைத்துக்கொள்ளும், உள்ளே வந்ததை வெளியே தள்ளும். இவை எதுவும் அந்த ஏழில் இல்லை. அதனால்தான் கல்ச்சரும், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டியும் கட்டாயம். மரபணு இருக்கிறது என்றால் மருந்தை உயர்த்த நம்பலாம். இல்லை என்பதை மட்டும் நம்பி, நிலை கவலைக்கிடமாக உள்ளவருக்கு மருந்தைக் குறைக்க வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நல்ல மாதிரியில் அந்தக் கிருமியே இல்லை என்று வந்து, வேறு இடத்திலும் அந்தத் தொற்று இல்லையென்றால், எம்ஆர்எஸ்ஏ-வுக்காக (வழக்கமான மருந்துக்கு மடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) போட்ட வான்கோமைசினை அல்லது டெய்கோபிளானினை நிறுத்திவிடலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய கிட்னிக்கு வான்கோமைசின் ஒரு நாள் குறைந்தாலும் லாபம். எம்ஆர்எஸ்ஏ இருக்கிறது என்று வந்து லினிசோலிட் தொடங்கினால், பிளேட்லெட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். அது பிளேட்லெட்டை இறக்கும். டாப்டோமைசின் வேண்டாம். நுரையீரலின் உள்பூச்சுத் திரவத்தில் அது செயலிழந்துவிடும்.

11. எல்லாமே "நாட் டிடெக்டட்". அப்போ நிமோனியா இல்லதானே? வீட்டுக்குப் போலாமா?

பேனலில் இல்லாத கிருமியை பேனல் பார்க்காது. புற்றுநோய் நோயாளியிடம் அந்தப் பட்டியல்தான் ஆபத்தானது.

ஆஸ்பர்ஜில்லஸ், மியூக்கர் போன்ற பூஞ்சைகள், நியூமோசிஸ்டிஸ், நொகார்டியா, டிபி, சைட்டோமெகலோ வைரஸ் எதுவும் பயோஃபயர் பேனலில் கிடையாது. ஸ்டெனோட்ரோஃபோமோனாஸும் கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்காகப் பல நாள் மெரோபெனெம் ஏறிக்கொண்டிருப்பவருக்கு இருமலில் ரத்தம் வந்து, பேனல் சுத்தமாக வந்தால், பூஞ்சையோடு இதையும் நினைக்க வேண்டும். மெரோபெனெம் இதைத் தொடாது. கோ-டிரைமாக்சசோல் போன்ற வேறு மருந்து வேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்தவர் என்றால் மெலியாய்டோசிஸ் தரும் பர்க்கோல்டேரியாவையும் மறக்கக் கூடாது. அது தமிழ்நாட்டு மண்ணிலேயே உண்டு. கல்ச்சரில் வளர்ந்தாலும் சூடோமோனாஸ் என்று தவறாகப் பெயர் எழுதிவிடும் அபாயம் இருப்பதால், சந்தேகத்தை லேபுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆகவே பேனல் சுத்தம், காய்ச்சல் நிற்கவில்லை என்றால் அடுத்தது சிடி, பூஞ்சையைத் தேடும் கேலக்டோமன்னன், பீட்டா-டி-குளுக்கான் பரிசோதனைகள், கழுவிய திரவத்தில் நியூமோசிஸ்டிஸ் பிசிஆர். வீட்டுக்குப் போவதைக் காய்ச்சலும் ஆக்சிஜனும் வெள்ளணுவும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

12. டிபி-க்குத் தனியா ஏன் சளி கேக்கறாங்க?

பேனலில் டிபி இல்லை என்று மேலே சொன்னோம். அதற்குச் சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை தனி. அரசின் காசநோய்த் திட்டத்தில் இலவசம். இதைத் தள்ளிப்போடக் கூடாததற்குக் காரணம் உண்டு. நிமோனியாவுக்குப் போடும் லீவோஃப்ளாக்சசினும் லினிசோலிட்டும் டிபி கிருமியையும் அரைகுறையாக அடக்கும். காய்ச்சல் கொஞ்சம் குறையும், எல்லோரும் நிம்மதியாவார்கள், இரண்டு வாரத்தில் திரும்பி வரும். முடிந்தவரை அந்த மருந்துகளுக்கு முன்பே சளி எடுத்துவிடுங்கள்.

13. இம்யூனோதெரபி போயிட்டிருக்கு. பேனல்ல ஹீமோஃபிலஸ் வந்திருக்கு. அதுதான் மூச்சுத் திணறலுக்குக் காரணமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் கிருமியே இல்லாமல் நுரையீரலை அழற்சியாக்கும். அதற்கு ஸ்டீராய்டு வேண்டும். ஹீமோஃபிலஸ் தொண்டையில் சும்மா குடியிருக்கும் கிருமி. குறைந்த எண்ணிக்கையில் வந்ததைக் காரணமாக்கி ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அழற்சி முற்றிவிடும். சிடியில் இரண்டு பக்கமும் பரவலாக மங்கல் இருந்து, 48 மணி நேர ஆன்டிபயாடிக்கில் அசையவில்லை என்றால் இந்தச் சந்தேகத்தை எழுப்புங்கள். மூச்சு வேகமாக மோசமானால் 48 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தொடங்குவார்கள்.

மார்பில் ரேடியேஷன் எடுத்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால், மங்கல் ரேடியேஷன் பட்ட இடத்தோடு நிற்கிறதா என்று பழைய பிளானோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

14. பத்து நாள் மருந்து போட்டாச்சு. சரியாயிடுச்சான்னு திரும்ப பேனல் போடலாமா?

வேண்டாம். கேள்வி 2-ல் சொன்ன நன்மையே இங்கே தொல்லை. செத்த கிருமியின் மரபணு பல நாள் சளியில் கிடக்கும், ரிப்போர்ட் பாசிட்டிவாகவே வரும். ஓரளவு தேறியவர் திடீரென்று மோசமானால் மட்டும் புதிய சளியில் புதிதாகப் போடலாம்.

15. மெஷின்ல "இன்வாலிட்"னு வந்திருச்சு. சளி சரியில்லையா?

பெரும்பாலும் உள்கட்டுப்பாட்டுச் சோதனை, அதாவது பரிசோதனை சரியாக ஓடியதா என்று மெஷின் தானே பார்ப்பது, தோற்றிருக்கும். அது தோற்றால் மற்ற எந்த வரியையும் நம்ப முடியாது, புதிய கார்ட்ரிட்ஜில் மறுபடி போட வேண்டும். கட்டிச் சளியை அளவுக்கு மீறி அள்ளிப் போடுவது ஒரு காரணம். குச்சியைச் சளியில் முக்கி, ஒட்டியதை மட்டும் பஃபரில் கலக்கினால் போதும். கார்ட்ரிட்ஜின் வெற்றிடப் பை கிழிந்திருந்தால் கரைசல் உள்ளே இழுபடாது. அதை ஓடவிடாமல் வேறு எடுங்கள். தயார் செய்யும் மேசையை ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் 10 சதவீத பிளீச்சால் துடைத்து, பிறகு தண்ணீரால் துடைக்காவிட்டால், ஒருவர் சளி அடுத்தவர் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அடுத்தடுத்த மூன்று பேருக்கு ஒரே கிருமி வந்தால் முதலில் மேசையைச் சந்தேகப்படுங்கள்.

16. செலவு பல ஆயிரம் ஆகுதே. கட்டாயமா போடணுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. கையில் இருக்கும் பணத்தை முதலில் ரத்தக் கல்ச்சர், சளி கிராம் ஸ்டெயின், கல்ச்சர், சிடி இவற்றுக்கு வையுங்கள். சிபிநாட்டுக்குச் செலவில்லை. வெள்ளணு குறைந்து ஆக்சிஜன் தேவைப்படுபவர், முந்தைய அட்மிஷனில் மருந்துக்கு மடங்காத கிருமி வந்தவர், மூன்று நாள் மருந்துக்கும் காய்ச்சல் இறங்காதவர் ஆகியோருக்கு பேனல் காசுக்குப் பயன் தரும். வெறும் எச்சிலில் போடும் பேனல் யாருக்கும் பயன் தராது.

17. நேராச் சொல்லுங்க, இதைப் போட்டா ஆள் பிழைக்கிற வாய்ப்பு கூடுமா?

கூடும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. சுவிட்சர்லாந்தில் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், கழுவிய திரவத்தில் பிசிஆர் செய்தபோது பொருந்தாத ஆன்டிபயாடிக்கில் நோயாளி இருந்த நேரம் சராசரி 86 மணியிலிருந்து 47 மணியாகக் குறைந்தது. பிரிட்டனில் ஐசியு நோயாளிகளிடம் நடந்து 2025-ல் வெளியான இன்ஹேல் ஆய்வில் மருந்துத் தேர்வு மேம்பட்டது, ஆனால் குணமாவது வழக்கமான முறைக்குக் குறையவில்லை என்பதைக்கூட நிறுவ முடியவில்லை. இரண்டுமே புற்றுநோய் நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்தவை அல்ல. தேவையில்லாத மருந்து குறையும், தவறான மருந்து சீக்கிரம் மாறும் என்ற அளவுக்கு நம்பிச் சொல்லலாம்.

18. ரிசல்ட் ராத்திரி 11 மணிக்கே வந்திருச்சாம். காலை ரவுண்ட்ஸ்லதான் பாத்தாங்க. இது சரியா?

சரியில்லை. ஒரு மணி நேரத்தில் வந்த ரிசல்ட் பத்து மணி நேரம் கம்ப்யூட்டரில் கிடந்தால், அதற்குக் கொடுத்த காசு வீண், நோயாளிக்கு ஒரு ராத்திரி வீண். என்டிஎம், ஆக்சா-48, எம்ஆர்எஸ்ஏ, லெஜியோனெல்லா வந்தால் லேபிலிருந்து டியூட்டி டாக்டருக்குப் போன் போக வேண்டும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சளி அனுப்பும்போதே ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் இரவு டியூட்டி டாக்டரின் போன் நம்பர் இருக்கிறதா என்று உடனிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். டப்பா லேபுக்குப் போன நேரத்தைக் குறித்துவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸிடம் "பேனல் வந்துடுச்சா சிஸ்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.